மூன்றாம் அறையின் நகல்

சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு மூன்றாம் அறைக் கதவின் மேலே இருந்த சின்னத் திரையில் ஒன்று என்ற எண் பூஜ்யமாக மாறியது. கதவு திறக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரமீஸா தலை நிமிர்ந்து பார்த்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், இறாலைக் கழுவி, உரித்து, உறையவைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. அவள் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவள் மேஜையிலிருந்து பார்த்தால் நீண்ட நடைவழியும், அதன் ஒரு பக்கத்தில் வரிசையாக நான்கு உறைபதன அறைகளும் தெரியும். ஒவ்வொரு கதவும் ஒரு சாண் தடிமன். திறந்தால், சுற்றிலும் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவது போன்ற சத்தத்தோடு விடுபடும். உள்ளேயிருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாகப் பரவி, குளோரின் கலந்த இறால் வாடையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்வரை கொண்டுவரும். எட்டு மாதமாக அதைக் கேட்டுக் கேட்டு, எந்தக் கதவு திறந்தது என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். இப்போது சத்தம் வரவில்லை, புகையும் வரவில்லை. எண் மட்டும் மாறியிருந்தது.

மூன்றாம் அறைக்குள் சின்னப்பொண்ணு அக்கா போயிருந்தார். மைனஸ் முப்பத்தைந்து டிகிரியில் கடைசித் தட்டுகளை அடுக்கிவிட்டு வர அவரைத்தான் எப்போதும் அனுப்புவார்கள். பத்து நிமிட வேலை. நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது வெளியே வந்திருப்பார், கம்ப்ரஸர் இரைச்சலில் கதவுச் சத்தம் கேட்டிருக்காது என்று ரமீஸா நினைத்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்க இருபது அடி நடக்க வேண்டும். ஆறு நாற்பது ரயிலைப் பிடித்தால்தான் பொன்னேரியில் பழவேற்காடு பஸ் கிடைக்கும். அவள் எழுந்திருக்கவில்லை.

அந்தத் திரைகள் அவள் யோசனையில் வந்தவை. முன்பெல்லாம் ஷிஃப்ட் முடியும்போது சூப்பர்வைசர் வசந்தகுமார் ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, யாராவது இருக்கிறார்களா என்று சத்தம் போடுவார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குளிர் குறைந்துவிடுகிறது என்று மேலிடத்தில் குறை. அப்போதுதான் ரமீஸா யூடியூபில் தமிழிலேயே பைத்தான் கணினி மொழி சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்து ஒரு புரோகிராம் எழுதினாள். உள்ளே போகிறவர் கதவருகே கார்டைக் காட்ட வேண்டும். வெளியே வரும்போது மறுபடியும் காட்ட வேண்டும். யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்பதை புரோகிராம் ஒரு டிக்‌ஷனரியில் வைத்திருக்கும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் பொருள் கிடைப்பது போல, அறை எண்ணைக் கேட்டால் உள்ளே இருப்பவர்களின் பட்டியல் கிடைக்கும். பட்டியலில் எத்தனை பேரோ, அந்த எண் கதவின் மேல் எரியும். மேனேஜர் எல்லார் முன்னாலும் கை தட்டச் சொன்னார். அக்காதான் முதலில் தட்டினார்.

இப்போது அவள் அதில் ஒரு புது பட்டன் சேர்த்துக்கொண்டிருந்தாள். யாராவது கார்டு காட்ட மறந்து போய்விட்டால் அடுத்த நாள் பட்டியலை மொத்தமாகத் துடைக்கிற பட்டன். நிஜப் பட்டியலில் கை வைக்கக் கூடாது என்பதால், அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலில்தான் சோதித்தாள். நகல் விஷயத்தில் ஆரம்பத்திலேயே ஒரு தடவை அடிபட்டிருக்கிறாள். சமக்குறி போட்டு இன்னொரு பெயர் கொடுத்தால் நகல் ஆகிவிடும் என்று நினைத்திருந்தாள். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறியது. அது நகலே இல்லை, அதே பெட்டிக்கு இரண்டாவது பெயர், அவ்வளவுதான் என்று வீடியோவில் வந்த ஆசிரியர் சொன்னார். அதன்பிறகு காப்பி என்ற கட்டளையைப் போட்டாள். நகலில் ஒன்பதாம் அறை என்று ஒன்றைச் சேர்த்து அதில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். நிஜத்தில் ஒன்பதாம் அறை வரவில்லை. நகல் தனி, நிஜம் தனி. அவளுக்கு நிம்மதியாயிற்று.

ஐந்தே முக்காலுக்கு அவள் நகலில் அந்த பட்டனை அழுத்தியிருந்தாள்.

வசந்தகுமார் நடைவழியில் வந்தார். ஞாயிறு விடுமுறை, அதோடு ஆடி மாதக் கோயில் விழா என்பதால் பெரியபாளையம் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் முன்கூட்டியே வேனில் ஏறிவிட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு கதவாகத் திரையைப் பார்த்து, வெளியே இருந்த இரும்புத் தாழ்ப்பாளைக் குறுக்கே போட்டுக்கொண்டு வந்தார். முதல் கதவு. இரண்டாவது. மூன்றாவது கதவின் முன்னால் நின்றபோது ரமீஸா கண்ணாடிக் கதவைத் திறந்து, சின்னப்பொண்ணு அக்கா வெளியே வந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

அவர் விரலால் மேலே காட்டினார். "நீ போட்ட போர்டுதானே ரமீஸா. ஜீரோ காட்டுது பாரு. அப்புறம் இன்னா டவுட்டு?"

தாழ்ப்பாள் விழுந்தது.

ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் இரும்பு உருக்குகிற கம்பெனிகளின் புகை வானத்தில் துரு நிறத்தில் தேங்கி நின்றது. பிளாட்ஃபாரத்தில் ஆடிப் புழுக்கம். சுண்டல்காரரின் மண்ணெண்ணெய் விளக்கு வாடையும், ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களின் வியர்வையும், தண்டவாளத்துக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்த குப்பையின் புகையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் ஒட்டின. அவ்வளவு சூட்டிலும் ரமீஸாவின் விரல் நுனிகள் ஜில்லென்று இருந்தன. ஒரு கேள்வி அவளை விடவில்லை. நகலில் அவள் சேர்த்துப் பார்த்தது புது அறையை. ஏற்கெனவே இருக்கிற அறைக்குள் கை வைத்தால் என்ன ஆகும் என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஃபோனிலேயே பைத்தான் எழுதுகிற ஆப் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஆறு வரி அடித்தாள். ஒரு டிக்‌ஷனரி, அதில் மூன்றாம் அறை, அதற்குள் ஒரு பட்டியல், பட்டியலில் ஒரே ஒரு பெயர். காப்பி எடுத்தாள். நகலுக்குள் போய் மூன்றாம் அறையின் பட்டியலைத் துடைத்தாள். பிறகு நிஜத்தைக் காட்டு என்றாள்.

நிஜத்தில் மூன்றாம் அறை காலியாக இருந்தது.

இன்னொரு தடவை ஓட்டினாள். காலி. அப்போதுதான் புரிந்தது. காப்பி என்பது வெளி அலமாரியை மட்டும்தான் புதிதாகச் செய்கிறது. அலமாரிக்குள் இருக்கிற பட்டியல் இரண்டுக்கும் ஒன்றேதான். உள்ளேயும் தனியாக வேண்டுமென்றால் டீப் காப்பி என்று ஒன்று இருக்கிறது. அந்த வீடியோவை நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்திருந்தாள். ஐந்தே முக்காலுக்கு அக்காவின் பெயரைத் துடைத்தது அவள்தான். அக்கா வெளியே வரவேயில்லை.

வசந்தகுமாருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. பைக்கில் போய்க்கொண்டிருப்பார். மறுபடியும் அடித்தாள். அக்காவின் நம்பருக்கு அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் ஃபோன்கள் லாக்கரில் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. கம்பெனி கேட் செக்யூரிட்டியின் நம்பர் அவளிடம் இல்லை. அக்காவின் வீட்டில் இன்னொரு ஃபோன் உண்டு. கணவர் இறந்த பிறகு அக்காவும் ஆறாவது படிக்கிற மகள் பூமிகாவும் மட்டும்தான். ஸ்கூல் விட்டு வந்தால் தனியாக இருக்கிற பிள்ளை என்பதற்காக வாங்கி வைத்த பட்டன் ஃபோன். ஒருமுறை அம்மா எங்கே என்று கேட்டு ரமீஸாவுக்கே அதிலிருந்து அழைத்திருக்கிறாள்.

பூமிகா உடனே எடுத்தாள். அம்மா வந்தாச்சா என்று ரமீஸா கேட்டாள்.

"வந்துட்டாங்க அக்கா. உள்ள கீறாங்க."

ரமீஸா பெஞ்சில் சாய்ந்தாள். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் என்னம்மா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். தூரத்தில் ரயிலின் வெளிச்சம் வளைந்து வந்துகொண்டிருந்தது. ஃபோனை வைக்கப் போனவள், சும்மா கேட்பது போல, எப்போது வந்தார்கள் என்று கேட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு என்றாள் பூமிகா. டியூஷனுக்குக் கிளம்பித் திரும்பிப் பார்த்தால் அம்மா வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்களாம். "கதவு தொறந்த சத்தமே கேக்கல அக்கா. கம்பெனி கோட்டு, பூட்ஸு எல்லாம் போட்டுக்கினே வந்துட்டாங்க. இன்னாமான்னு கேட்டா பேசவே மாட்றாங்க."

ரயில் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். ரமீஸா ஏறவில்லை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து அக்காவின் கிராமத்துக்கு வேனில் போக ஒரு மணி நேரம் ஆகும்.

வெளியே ஓடிவந்து ஆட்டோ பிடித்தாள். சிப்காட், கடைசித் தெரு, சீக்கிரம் என்றாள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் ஏதோ ஒன்று அறுந்துவிடும் என்று தோன்றியது. பூமிகா மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா அடுப்புப் பக்கத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கை ஐஸ் மாதிரி இருக்கிறது. அடுப்பைப் பற்ற வைத்தும் நடுங்குகிறார்கள். இரண்டு போர்வை போர்த்தியாயிற்று. தலைமுடியில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, துடைத்தால் போகமாட்டேன் என்கிறது. மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வருகிறது. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடு என்றாள் ரமீஸா. எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்றாள் பூமிகா.

பிறகு ஃபோனில் ஒரு சத்தம் கேட்டது. மந்தமான சத்தம். இரண்டு. ஒரு இடைவெளி. மறுபடியும் இரண்டு.

"அது இன்னா பூமிகா?"

"அம்மா செவுத்த தட்றாங்க அக்கா." பிள்ளையின் குரல் முதல்முறையாக நடுங்கியது. "கைலருந்து தோலு உரியுது. வேணாம்மான்னா கேக்க மாட்றாங்க."

ஜி.என்.டி. சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். ரமீஸா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் அந்தத் தட்டலைக் கேட்டாள். மூன்றாம் அறைக்குள் கதவைத் தள்ளித் திறக்க ஒரு குமிழ் உண்டு. ஆனால் வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தால் அதை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. உள்ளே மின்விசிறிகள் ஓடும் சத்தத்தில் தட்டுவது நடைவழிக்குக்கூடக் கேட்காது. இரண்டு. இடைவெளி. இரண்டு. இடைவெளி நீண்டுகொண்டே போனது. சிப்காட் வளைவில் திரும்பும்போது ஒரே ஒரு தட்டல். பிறகு இல்லை.

"தூங்கிட்டாங்க போல" என்றாள் பூமிகா.

"தூங்க விடாத. பேசிக்கினே இரு. கைய தேய்ச்சுக்கினே இரு."

ஏழு ஐந்து. கேட்டில் செக்யூரிட்டி அன்புராஜ் மட்டும் இருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். நடைவழியில் விளக்கு அணைந்திருந்தது. இருட்டில் நான்கு திரைகளும் சிவப்பாக எரிந்தன. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். தரை காய்ந்திருந்தது. கம்ப்ரஸரின் இரைச்சல் காலடியில் அதிர்ந்தது. மூன்றாம் கதவில் உள்ளங்கையை வைத்தாள். எதுவும் தட்டவில்லை.

அன்புராஜ் தாழ்ப்பாளைத் தூக்கினார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். ரப்பர் பட்டை விடுபட்டது.

புகை முழங்கால்வரை வந்தது. டார்ச் வெளிச்சம் அதில் நுழைந்து, கதவுக்கு ஒரு அடி உள்ளே நின்றது.

சின்னப்பொண்ணு அக்கா கதவை ஒட்டிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இமைகளில் பனி. முடியில் பனி. வலது கை முஷ்டியாக மேலே தூக்கியபடி அப்படியே நின்றிருந்தது. கதவின் உள்பக்கத்தில், அந்தக் கை எட்டுகிற உயரத்தில், கருஞ்சிவப்பாக ஒரு வட்டம் உறைந்திருந்தது.

அன்புராஜ் குனிந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லவும் பக்கத்துக் கம்பெனியில் ஆள் கூட்டிவரவும் ஓடினார். காலடிச் சத்தம் தேய்ந்தது.

"அக்கா." காதில் பூமிகா. குரலில் சந்தோஷம். "அம்மா கண்ணு தொறந்துட்டாங்க."

ரமீஸா அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நடுக்கம் நின்னுப்போச்சு. என்னயே பாத்துக்கினு கீறாங்க. அக்கா? லைன்ல கீறீங்களா?"

வெளியே கொண்டுவர வேண்டும். வேறெதுவும் யோசிக்க முடியவில்லை. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கோட்டின் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உடம்பு மரப்பெட்டி போல ஒரே துண்டாக நகர்ந்தது. பூட்ஸ் தரையில் கிரீச்சிட்டது. ஒரு முழம்.

ஃபோனில் பிள்ளை அலறினாள்.

"அம்மா நகர்றாங்க அக்கா! ஆரும் இழுக்கல. தானா தரையில போய்க்கினு..."

ரமீஸா கையை விட்டாள்.

அங்கேயும் நகர்வது நின்றுவிட்டது. அலமாரி இரண்டு, உள்ளே இருப்பது ஒன்றேதான். பூமிகா தேம்பிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரிகிற மெல்லிய சீறல். யாரோ மூச்சை இழுக்கிற சத்தம், நீளமாக, உறைந்த எதிலிருந்தோ காற்றைப் பிரித்தெடுப்பது போல. பிறகு ஃபோனில் அக்காவின் குரல் வந்தது.

"விட்டுடு ரமீஸா."

ரமீஸா கீழே பார்த்தாள். அவளுக்கு முன்னால், டார்ச் வெளிச்சத்தில், வெள்ளையாக ஒட்டிப்போயிருந்த அந்த உதடுகள் பிரிந்திருந்தன.

"கதவ சாத்திட்டுப் போ." ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டின் பனி வெடித்தது. ரத்தம் வரவில்லை. சத்தம் உதட்டிலிருந்து வரவில்லை, ஃபோனிலிருந்துதான் வந்தது. "புள்ள ஒண்டியா கீது."

நடைவழியின் கடைசியில் ஆட்கள் ஓடிவரும் சத்தம். மூன்று நான்கு பேர். அன்புராஜின் குரல்.

காதில், பூமிகா அம்மா என்று அழுதபடி போய் எதிலோ முகத்தைப் புதைத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. துணிக்குள் அமுங்கிய அழுகை.

மேலே தூக்கியபடி உறைந்து நின்ற அந்த வலது கை, மெல்ல இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மடிக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், கை நின்றது. பிறகு அங்கே, ஒரு சின்னத் தலையின் அளவுக்கு வளைந்து, முன்னும் பின்னுமாகத் தடவிக் கொடுக்கத் தொடங்கியது. ஃபோனில் பிள்ளையின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.